வலப்பக்கம் திரும்பிய கிளி

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையின் மாடியில் மாணிக்கவேல் பன்னிரண்டு வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தினார். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் அந்த மாடிப்படியில் கால் வைக்க இடமிருக்காது. யாருக்கு எத்தனை மார்க் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் ஊரில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. பிறகு எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. ஒரு மே மாதம், ரிசல்ட் வந்த அன்று, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவர் மாடிப்படியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ஒருவர் டாய்லெட் எங்கே என்று கேட்டார். இன்னொருவர் மாத்திரைச் சீட்டை நீட்டினார்.

எட்டு கம்ப்யூட்டரில் ஏழை விற்றுவிட்டு, மிஞ்சிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொசப்பாளையத்து வீட்டுக்கு வந்தார். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளப் போவதாக மனைவி தேவிப்ரியாவிடம் சொன்னபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. தேவிப்ரியா பட்டுப்புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குக் குச்சு கட்டித் தருகிறவர். கையில் இருந்த நூலை அறுக்காமலே பதில் சொன்னார்.

"எட்டு வெச்சிகினு பட்ட கஷ்டத்துக்கு, ஒண்ணு வெச்சிகினா கஷ்டம் கம்மியாதான் இருக்கும். படிங்க."

படித்தார். மூன்று வருடம் பிடித்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருகைப் பதிவு செய்து கொடுத்தார். களம்பூர் ரைஸ் மில் ஒன்றுக்கு மூட்டை எடை பார்க்கும் புரோகிராம் எழுதினார். அதன் பிறகுதான் 'கரை' பிறந்தது. பட்டுப்புடவைக்குக் கரை டிசைன் போடும் கம்ப்யூட்டர் புரோகிராம் அது. இடது பக்கம் டிசைன்களின் பட்டியல். நடுவில் கட்டம் கட்டமாகக் கிராஃப் தாள். அதில் மயிலோ மாங்காயோ வரைந்து, பென் டிரைவில் ஏற்றித் தறிக்காரரிடம் கொடுத்தால், தறிக்கு மேலே பொருத்தியிருக்கும் எலக்ட்ரானிக் பெட்டி அதைப் படித்து நெய்ய வைத்துவிடும். ஆரணியில் ஆறு டிசைன் கடைகள் அதை வாங்கின. அவற்றில் முதலாவது, மூன்று தெரு தள்ளி இருந்த தனகோடி அக்காவின் கடை.

தனகோடிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் பென்சிலால் கட்டம் நிரப்பிய கை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது அவரிடம் வேலை செய்யும் எழிலரசி. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, "அந்த மூக்குல ரெண்டு கட்டம் குறை" என்று சொல்வது தனகோடி. போன சித்திரையில் அவர் மாணிக்கவேலிடம் இரண்டு விஷயம் கேட்டார். பட்டன் எல்லாம் தமிழில் வேண்டும். வலது பக்கம் நிறங்களுக்கென்று தனியாக ஒரு பெட்டி வேண்டும். மாணிக்கவேல் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்து, ஒரு திங்கட்கிழமை புதிய கரையை எல்லாக் கடைகளுக்கும் அனுப்பிவிட்டு, மனநிறைவோடு தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை தனகோடியிடமிருந்து போன் வந்தது.

"மாணிக்கம், உன் கம்ப்யூட்டர் என்னைப் பாத்து சே-ன்னுது."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"ஒவ்வொரு டிசைனும் போட்டு முடிச்சதும் கீழ சே-ன்னு போடுது. இருபது வருஷமா டிசைன் போட்டுகினு இருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் என்னை சே-ன்னு சொன்னதில்ல."

மாணிக்கவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எழிலரசி போனில் மானிட்டரைப் படம் பிடித்து அனுப்பினாள். அதில் முக்கால்வாசி டியூப்லைட்டின் வெளிச்சம்தான் தெரிந்தது. மீதி கால்வாசியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவருக்கு விளங்கியது. 'சேமிக்கவும்' என்ற பட்டன் குறுகிப்போய், முதல் எழுத்தும் மூன்று புள்ளியுமாக 'சே…' என்று நின்றது. 'மூடவும்' வெறும் 'மூ…' ஆகியிருந்தது. இடது பக்கப் பட்டியலில் எழுத்துகளின் தலை வெட்டுப்பட்டு, கிளிக்கரை களக்கரையாகத் தெரிந்தது. புதிய நிறப்பெட்டியோ, தன் இடத்தை விட்டு நகர்ந்து கிராஃப் தாளின் மேல் பாதி படுத்திருந்தது.

அவருடைய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். எல்லாம் அம்சமாக இருந்தது. சேமிக்கவும் முழுதாகச் சேமிக்கவும் என்றது. எந்தப் பெட்டியும் எதன் மேலும் ஏறவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் இந்தப் பட்டன் இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்துக் கொடுப்பார்கள். இப்போது ஆட்டோ லேஅவுட் வந்துவிட்டது. இந்தப் பட்டன் அந்தப் பட்டனிலிருந்து திரைக் கணக்கில் எட்டுப் புள்ளி தள்ளி இருக்கட்டும், இந்தப் பட்டியல் இருநூறு புள்ளிக்குக் குறைய வேண்டாம், நிறப்பெட்டி விண்டோ அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கட்டும் என்று விதிகளை மட்டும் சொல்லிவிட்டால் போதும். எது எங்கே என்ற கணக்கை மெஷினே போட்டுக்கொள்ளும். விதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்வரை இதைப் போல சுகம் கிடையாது. ஒத்துப்போகாவிட்டால் மெஷின் தனக்குள்ளே ஒரு புலம்பலை எழுதி வைக்கும். அதன் சாரம் இதுதான்: நீ சொன்ன எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற என்னால் ஆகாது, ஆகவே இதோ ஒன்றை நானே உடைத்துவிட்டு மேலே போகிறேன்.

தனகோடி கடையின் மெஷின் எழுதியிருந்த புலம்பலை எழிலரசி அனுப்பி வைத்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது வரி. எந்த விதி உடைந்தது என்பதற்கு அதில் பெயர் எதுவும் இல்லை. எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான முகவரிகள் மட்டும் வரிசையாக இருந்தன.

மாணிக்கவேல் வீட்டிலிருந்தபடியே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். பட்டன் தன் சொல் முழுதும் தெரியும் அளவுக்கு அகலமாக இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி சேர்த்து அனுப்பினார். அரை மணி நேரத்தில் எழிலரசி கூப்பிட்டாள்.

"சார், சேமிக்கவும் இப்ப முழுசா தெரியுது. ஆனா டிசைன் தெரியல."

"எங்க போச்சு?"

"நடுவுல ஒரு கோடு மாதிரி நிக்குது சார். அதுதான் கிராஃபுன்னு நினைக்கிறேன்."

கிராஃப் முந்நூறு புள்ளிக்குக் குறையவே கூடாது என்று இன்னொரு விதி சேர்த்தார். மத்தியானம் மறுபடி போன்.

"இப்ப எல்லாமே தெரியுது சார். ஆனா விண்டோ ஸ்கிரீனைத் தாண்டி வெளிய போயிடுச்சு. மூடுற பட்டன் செவுத்துல இருக்குதுபோல."

சாயங்காலம் அதையும் சரி செய்தார். இந்த முறை எழிலரசி எதுவும் சொல்வதற்கு முன் தனகோடியின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "பழையபடி சே-ன்னே இருக்கட்டும்னு சொல்லு. அது ஒண்ணாவது பழகிப்போச்சு." மாணிக்கவேல் திங்கட்கிழமை அனுப்பிய கரையையே திருப்பி அனுப்பினார்.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு புரோகிராமரின் கஷ்டமாக மட்டும் போயிருக்கும். புதன்கிழமை கிளி வந்து சேர்ந்தது.

தனகோடியின் தங்கை பொன்னம்மாள் களம்பூரில் இருக்கிறாள். அவள் மகள் அபிதகுசாம்பாளுக்கு ஆவணியில் கல்யாணம். கூறைப்புடவையின் கரையில் ஜோடிக்கிளி, ஒன்றையொன்று பார்த்தபடி. அந்த டிசைனைப் பெரியம்மா தன் சீதனமாகத் தானே போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை எழிலரசி அதை முடித்தாள். இரண்டு கிளிகளுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடச் சொல்லி தனகோடி சொன்னதால், வலது கிளியை வலப்பக்கம் நகர்த்தப் போனாள். கரையில் அதற்கு ஒரு பட்டன் இருந்தது: 'வலப்பக்கம் நகர்த்து'. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று: 'வலப்பக்கம் திருப்பு'. புதிய கரையில் இரண்டும் 'வலப்ப…' என்று நின்றன. எழிலரசி ஒன்றை அமுக்கினாள். என்ன நடந்தது என்று பார்க்க முடியவில்லை, ஏனென்றால் வலது கிளி இருந்த இடத்தின் மேல்தான் நிறப்பெட்டி படுத்திருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று 'சே…'-வை அமுக்கினாள்.

தறிக்காரர் ராஜ்குமார் ஒரு முழம் மாதிரி நெய்து கொடுத்தார். பார்க்க வந்த பொன்னம்மாள் அதைச் சரியாகப் பார்க்காமலே படம் எடுத்து, மாப்பிள்ளை வீட்டாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். அடுத்த நிமிஷம் மாப்பிள்ளையின் அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: இதில் எங்கள் தம்பி எது?

பொன்னம்மாள் அப்போதுதான் துணியை விரித்துப் பார்த்தாள். கரை நெடுக இடது கிளி ஆசையாக வலது கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கிளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

"அக்கா, இது ரெண்டுல பொண்ணு எது?"

"இன்னாடி பொண்ணு. கிளிடி அது."

"ஒண்ணு பாத்துகினு நிக்குது. இன்னொண்ணு மூஞ்சிய திருப்பிகினு போவுது. பதினெட்டு முழத்துக்கும் இப்படியே போவுது. இத கட்டிகினு என் பொண்ணு மணையில உக்காரணுமா?"

தனகோடி துணியை வாங்கிப் பார்த்தார். பிறகு எழிலரசியைப் பார்த்தார். அன்று கடையில் என்ன நடந்தது என்பதை எழிலரசி பிற்பாடு ஒரே வரியில் சொன்னாள்: "அக்கா முதல்ல என்னைத் திட்டினாங்க. அப்புறம் எங்க அம்மாவ. அப்புறம் எங்க காலேஜ." வரும் சனிக்கிழமை ராஜ்குமார் தறியில் புடவையை ஏற்றியே ஆக வேண்டும். தாமதித்தால் முகூர்த்தத்துக்குப் புடவை வந்து சேராது.

மாணிக்கவேல் சாப்பாட்டுத் தட்டின் முன் இதைச் சொல்லி முடித்தபோது தேவிப்ரியா கேட்டார்: "நீங்க போயி அந்த ஸ்கிரீனப் பாத்தீங்களா?"

"எதுக்குப் போவணும்? இங்க சரியா வருதே."

"இங்க சரியா வர்றது தனகோடி அக்காவுக்கு எப்படிங்க தெரியும்? மூணு தெரு. செருப்பு மாட்டினா அஞ்சு நிமிஷம்."

மூன்று தெரு தள்ளியிருந்த கடைக்கு நடந்து போக மாணிக்கவேலுக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. தன் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடுகிறது என்ற நினைப்பு மனிதனை அப்படித்தான் நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடும். வியாழக்கிழமை காலை லேப்டாப்பை ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது எழுத்தின் அளவு. மானிட்டரில் ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை போல் பெரிதாக இருந்தது.

"யார் இத இவ்ளோ பெருசு பண்ணது?"

"நான்தான் சார்," என்றாள் எழிலரசி. "அக்காவுக்கு சின்ன எழுத்து தெரியல."

"கண்ணாடி போட்டுக்கலாமே அக்கா."

"கண்ணாடி போட்டா கண்ணு கெட்டுப்போவும்," என்றார் தனகோடி.

இரண்டாவதாகக் கண்ணில் பட்டது விண்டோவின் அகலம். கரை ஸ்கிரீனின் இடது பாதியில் மட்டும் இருந்தது. வலது பாதியில் இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மூன்றாவது பெண் ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று அதை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாக்கா?"

"ஜரிகை விலை பாக்கறதுக்கு வெச்சிருக்கேன்."

மாணிக்கவேல் அழுகிற பெண்களைப் பார்த்தார். எழிலரசி மேஜையைத் துடைத்தாள்.

"இத கொஞ்சம் மூடிட்டு, கரைய பெருசு பண்ணிப் பாக்கலாமா?"

"கொஞ்சம் இரு. ஜரிகை விலை இப்ப முடிஞ்சிடும்."

பத்து நிமிஷத்தில் ஜரிகை விலை முடிந்தது. கரையை ஸ்கிரீன் முழுக்க விரித்தார். நிறப்பெட்டி தானாக ஒதுங்கித் தன் இடத்துக்குப் போய் நின்றது. மறுபடி பாதியாக்கினார். ஏறி வந்து கிராஃபின் மேல் படுத்தது. விரித்தால் போகிறது, சுருக்கினால் வருகிறது. மூன்று நாளாகக் கண்ணில் படாத பிழையை முதல்முதலாக நேரில் பார்த்த மாணிக்கவேலின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, தனகோடி எழிலரசியிடம் மெல்லக் கேட்டார்: "தப்பு கண்டுபுடிச்சதுக்கா இப்படி சிரிக்கிறான்?"

லேப்டாப்பைத் திறந்து தன் விண்டோவையும் அதே அகலத்துக்குச் சுருக்கி, எழுத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கினார். அங்கேயும் 'சே…' வந்தது. இனி வேலை செய்ய முடியும்.

எந்தப் பெட்டி எங்கே முடிகிறது, எது எதன் மேல் ஏறுகிறது என்று தெரிவதற்காக ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறம் பூசினார். பட்டியலுக்கு அரக்கு. கிராஃபுக்கு மாம்பழ மஞ்சள். பட்டன் வரிசைக்குக் கத்திரிப்பூ. நிறப்பெட்டிக்குக் கிளிப்பச்சை. தனகோடியால் சும்மா இருக்க முடியவில்லை.

"அரக்குக்குப் பக்கத்துல யாராவது கத்திரிப்பூ வெப்பாங்களா?"

"அக்கா, இது புடவை இல்ல. தப்பு கண்டுபுடிக்கிறதுக்கு."

"தப்பு தெரியுது. அரக்க எடு. மயில் கழுத்து வை."

அவர் மயில் கழுத்து வைத்தார். அந்த நேரத்தில் டிசைன் வாங்க வந்திருந்த சேத்துப்பட்டு வியாபாரி ஒருவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காம்பினேஷன் யார் ஆர்டர் என்று விசாரித்தார். தனகோடி சற்றும் தயங்காமல், சென்னைப் பார்ட்டி என்று சொல்லி அனுப்பினார்.

நிறம் பூசியதில் முதல் உண்மை வெளியே வந்தது. தான் எழுதியிருந்த முப்பத்தேழு விதிகளையும் மாணிக்கவேல் ஒன்றுபோல 'கட்டாயம்' என்றே எழுதி வைத்திருந்தார். எட்டுப் புள்ளி இடைவெளியும் கட்டாயம், பட்டனின் அகலமும் கட்டாயம். இடம் குறைந்தால் எது விட்டுக்கொடுக்கலாம் என்று மெஷினுக்கு அவர் சொல்லவே இல்லை. அதனால் அது தன் இஷ்டத்துக்கு ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு விதியாக எடுத்து, பெயர் வைத்து, இது முக்கியம், இது முடிந்தால் போதும் என்று தரம் பிரித்தார். பட்டியலின் வரிகளுக்கு இருபத்திரண்டு புள்ளி உயரம் என்று ஆங்கிலத்துக்காக எழுதியிருந்ததை எடுத்துவிட்டார். களக்கரை மறுபடி கிளிக்கரை ஆனது. பட்டன்கள் இடம் போதாவிட்டால் இரண்டு வரிசையாக நிற்கட்டும் என்றார். சேமிக்கவும் முழுதாக வந்தது. நகர்த்து வேறு, திருப்பு வேறு என்று தெரிந்தது.

நிறப்பெட்டி மட்டும் அசையவில்லை.

மெஷினின் புலம்பலும் ஆயிரத்து நூற்று நாற்பது வரியிலிருந்து வெறும் பன்னிரண்டு வரிக்கு வந்திருந்தது. அந்தப் பன்னிரண்டில் பதினொன்று அவர் பெயர் வைத்த விதிகள். ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை. அது சொன்னது: ஒரு பெட்டியின் அகலம் இருநூற்று நாற்பது.

அவர் இருநூற்று நாற்பது என்று எங்கும் எழுதியதில்லை. புரோகிராம் முழுக்கத் தேடினார். இருநூறு இருந்தது, முந்நூறு இருந்தது, இருநூற்று நாற்பது இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. எழிலரசி தன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சை சாதத்தை மூடியில் வைத்துக் கொடுத்தாள். அதையும் ஸ்கிரீனைப் பார்த்தபடியே தின்றார். யாரோ தன் புரோகிராமுக்குள் புகுந்து எழுதிவிட்டதாகவே அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. இந்தக் கம்ப்யூட்டரை வெளியாள் யாராவது தொட்டார்களா என்று கேட்டார்.

"பொங்கலுக்கு சந்தனம் வெச்சேன்," என்றார் தனகோடி. "மானிட்டர் மேலதான்."

வேறு வழி தெரியாமல் மாணிக்கவேல் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்ற ஆரம்பித்தார். பட்டியலைக் கழற்றி ஓடவிட்டார். புலம்பல் இருந்தது. பட்டன் வரிசையைக் கழற்றினார். இருந்தது. கிராஃபையே கழற்றினார். அப்போதும் இருந்தது. கடைசியில் கிளிப்பச்சையாக இருந்த நிறப்பெட்டியைக் கழற்றினார். மெஷின் வாய் திறக்கவில்லை.

"இது ஒண்ணுதான் சார் புதுசு," என்றாள் எழிலரசி. "மத்தது எல்லாம் பழைய கரையிலயே இருந்தது. அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல."

மாணிக்கவேல் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். மற்றப் பெட்டிகளை எல்லாம் அவர் பொறுமையாக, முறைப்படி அமைத்திருந்தார். நிறப்பெட்டியை மட்டும் அவசரத்தில், அந்த ரைஸ் மில் புரோகிராமிலிருந்து பிய்த்தெடுத்து ஒட்டியிருந்தார். அது ஆட்டோ லேஅவுட்டுக்கு முந்தைய பழக்கத்தில் எழுதியது. அப்படிச் சேர்க்கும் பெட்டிக்கு, பழைய முறை வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், அந்தப் பெட்டி பிறந்தபோது என்ன அகலமோ அதையே ஒரு கட்டாய விதியாக்கி, மெஷின் தானாகவே சேர்த்துக்கொள்ளும். பிறந்தபோது என்ன அகலம்? நிறத்துக்கு ஒரு கட்டம் அறுபது புள்ளி. வரிசைக்கு நாலு கட்டம். அவர் எழுதியிருந்தது 'அறுபது பெருக்கல் நாலு'. அதனால்தான் தேடியபோது இருநூற்று நாற்பது அகப்படவில்லை.

அவர் கம்ப்யூட்டரில் ஏன் சரியாக வந்தது என்பதும் அப்போது புரிந்தது. அங்கே அவருடைய விண்டோ எப்போதும் ஆயிரத்து இருநூறு புள்ளி அகலத்தில் இருக்கும். நிறப்பெட்டி அதில் ஐந்தில் ஒரு பங்கு என்பது அவர் விதி. ஆயிரத்து இருநூறில் ஐந்தில் ஒன்று இருநூற்று நாற்பது. இரண்டு விதியும் தற்செயலாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தன. விண்டோவை ஒரு விரற்கடை சுருக்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் சுருக்கியதே இல்லை.

அந்த ஒரு வரியை எழுதினார். நிறப்பெட்டி சத்தமில்லாமல் ஒடுங்கி ஓரமாகப் போய் நின்றது. கிராஃப் முழுதும் தெரிந்தது. அதில் வலது கிளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நின்றிருந்தது.

எழிலரசி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாணிக்கவேலுக்கு நேற்றைய கதை ஞாபகம் வந்தது. அவருக்கு இப்படியெல்லாம் பேசி வழக்கமில்லை, ஆனாலும் பேசினார்.

"அக்கா, கிளி திரும்பினது எழிலு தப்பு இல்ல. பட்டன்ல பாதி பேருதான் இருந்தது. டிசைன்ல பாதி மூடியிருந்தது. இவங்க இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் அமுக்கியிருப்பேன். தப்பு என்னுது."

தனகோடி எழிலரசியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நேத்து நான் திட்டினது உனக்குச் சேர வேண்டியது."

"ஆமாங்க்கா."

"உக்காரு," என்றார் தனகோடி. நேற்று எழிலரசிக்கு விழுந்த திட்டை ஒன்றுவிடாமல், அதே வரிசையில், மாணிக்கவேலுக்குக் கொடுத்தார். காலேஜ் வரும்போது எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூல் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனாள். அவள் திரும்பி வந்தபோது மேஜையில் மூன்று டீ இருந்தது. அவளிடம் தனகோடி மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சர்க்கரை தூக்கலாக இருந்த டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எழிலரசி கிளியைத் திருப்பினாள். இந்த முறை பட்டனின் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு அமுக்கினாள். இடைவெளிக்காக நாலு கட்டம் நகர்த்தினாள். அதையும் படித்துவிட்டுத்தான் அமுக்கினாள். சனிக்கிழமை காலை பென் டிரைவ் ராஜ்குமாரின் தறிக்குப் போனது. மற்ற ஐந்து கடைகளுக்கும் மாணிக்கவேல் புதிய கரையை அனுப்பினார். அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும், நிறப்பெட்டி கிராஃபின் மேல் இருந்தது வசதியாக இருந்ததே, ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு புகார் வந்தது.

பொன்னம்மாள் குரூப்பில் புதிய படத்தைப் போட்டாள். இந்த முறை முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். மாப்பிள்ளையின் அக்கா ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கூடவே, கிளியின் மூக்கு கொஞ்சம் பெரிது என்றும் எழுதியிருந்தாள். அது எங்கள் பக்கத்துக் கிளி, அப்படித்தான் இருக்கும் என்று பொன்னம்மாள் பதில் போட்டாள்.

ஆவணியில் களம்பூரில் கல்யாணம். மாணிக்கவேலையும் தேவிப்ரியாவையும் தனகோடியே நேரில் வந்து அழைத்தார். தேவிப்ரியாதான் கூறைப்புடவைக்குக் குச்சு கட்டியிருந்தார். இருவரும் காலை பஸ்ஸில் போய் இறங்கினார்கள். மண்டப வாசலில் பூ வளைவுக்குப் பக்கத்தில் ஆளுயர எல்.ஈ.டி. திரை ஒன்று வைத்திருந்தார்கள். அதில் மணமக்கள் படம், கீழே தங்க எழுத்தில் பெயர்கள். மணமகன் பெயர் தமிழ்வாணன். அது பிரச்சனையில்லாமல் பொருந்தியிருந்தது. மணமகள் பெயருக்குத்தான் இடம் போதவில்லை. 'அபிதகுசா…' என்று நின்றது.

மாணிக்கவேல் நின்றுவிட்டார்.

"வாங்க," என்றார் தேவிப்ரியா. "முதல் பந்தி உக்காந்துகினு இருக்காங்க."

"அஞ்சு நிமிஷம். அந்த ஆபரேட்டர் எங்கன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"இது உங்க கரை இல்ல."

"இல்லதான். ஆனா பொண்ணு பேரு பாரு, பாதியில நிக்குது. வர்றவங்க எல்லாம் படிக்கிறாங்க."

தேவிப்ரியா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். ஆபரேட்டர் மணமேடைக்குப் பின்னால் ஒரு ஒயர் சிக்கலுக்குள் அகப்பட்டிருந்தார். அவரைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. தன் திரையில் ஒரு தப்பும் இல்லை, தன் லேப்டாப்பில் பெயர் முழுதாகத்தான் தெரிகிறது என்று அவர் அடித்துச் சொன்னார். மாணிக்கவேல் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவதற்குள் இரண்டு பந்தி எழுந்துவிட்டது. எழுத்தைச் சிறிதாக்கிப் பெயரைப் பொருத்துவதற்குள் இன்னொன்றும் எழுந்தது. கடைசியில் அபிதகுசாம்பாள் முழுதாக வந்தாள்.

அவர் நாலாவது பந்தியில் உட்கார்ந்தார். எதிரே தேவிப்ரியா, சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, வெற்றிலையும் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"வடை தீந்துபோச்சு," என்றார்.

"பரவாயில்ல."

"பால் பாயசமும்."

மாணிக்கவேல் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். "பேரு இப்ப சரியா இருக்குதா, வரும்போது பாத்தியா?"

"இருக்குது," என்றார் தேவிப்ரியா. "பையன் பேருதான் இப்ப ரொம்ப சின்னதா தெரியுது."

மாணிக்கவேல் எழுந்திருக்கப் பார்த்தார். தேவிப்ரியா தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தார். அதற்குள் சாம்பார் வந்துவிட்டது.